அத்தையின் நாற்பது சர்வர்கள்

அந்த ஆய்வகத்தில் எல்லோரும் அவளை சர்வர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில் அவளுடைய மாமியார், "மருமக சர்வர் வேலை பாக்குறா" என்று உறவுக்காரர்களிடம் சொல்லப்போய், எந்த ஹோட்டலில் என்று அவர்கள் கேட்க, மாமியாருக்கே பதில் தெரியாமல் போனதாம். இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ரத்தம், சிறுநீர், சதை என்று மனித உடம்பிலிருந்து எதை எடுத்துக் கொடுத்தாலும் சோதித்துச் சொல்லும் மூன்று மாடிக் கட்டடம் அது. முதல் மாடிக் கோடியில் ஏசி ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் ஒரு சின்ன அறையும், அதிலிருக்கும் இயந்திரங்களும் பதினாறு வருஷமாக அவள் பொறுப்பு.

அந்த ஆய்வகத்துக்கு ஒரு விதி உண்டு. பெயர் உள்ளே போகக் கூடாது. வாசல் கவுன்டரில் பெயரைக் கேட்டுக் கணினியில் ஏற்றுவார்கள். எண் அச்சடித்த பார்கோடை ஒட்டுவார்கள். அதற்குப் பிறகு குழாயோ குப்பியோ வெறும் எண்ணாகத்தான் உள்ளே போகும். யாருடைய ரத்தம் என்று தெரிந்தால் சோதிப்பவர் மனசு ஒரு பக்கம் சாயும் என்பது முதலாளியின் கொள்கை. நல்ல கொள்கைதான். அதற்கு மேல் அவருடைய இளைய மகன் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தார். மருத்துவமனையிலிருந்து குப்பியோடு வரும் சீட்டை ஸ்கேன் செய்த கையோடு, அரைக்கும் இயந்திரத்தில் போட்டுப் பொடியாக்கிவிட வேண்டும். "நம்ம லேப்ல ஒரு துண்டுப் பேப்பர் கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் மார்தட்டிக்கொள்வார். ஆக, எந்த எண் எந்த மனிதர் என்பது உலகத்திலேயே ஒரே இடத்தில்தான் இருந்தது. அவள் அறையில், ஒரு பழைய சர்வருக்குள்.

இதுதான் அவளுடைய பயம். தினமும் இரவு ஒரு நகல் எடுத்து வைப்பாள்தான். ஆனால் பகலில் சேர்வது பகலில் போய்விட்டால்? ரத்தமென்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி குத்திக்கொள்ளலாம். அறுவை செய்து எடுத்த கட்டி, மருந்துத் தண்ணீரில் மிதந்துகொண்டு குப்பியில் வருமே, அதன் பெயர் தொலைந்தால் தொலைந்ததுதான். யாருடைய கட்டி என்று கட்டியைக் கேட்க முடியாது.

அதனால்தான் அவள் இரண்டாவது சர்வர் கேட்டாள். வாங்கியும் கொடுத்துவிட்டார்கள், நாலு தெரு தள்ளியிருக்கும் கிளையில் கொண்டுபோய் வைத்தாயிற்று. முதல் சர்வரில் விழுகிற ஒவ்வொரு எழுத்தையும் இரண்டாவதற்கும் கொண்டுபோய்ச் சேர்த்து, முதலாவது நின்ற நிமிஷமே இரண்டாவதை எழுப்பி உட்காரவைக்கிற மென்பொருள் ஒன்றுதான் பாக்கி. அந்த ஆய்வகத்தின் அரதப்பழசான தரவுத்தளத்தோடு ஒத்துப்போகிற மென்பொருள்கள் சந்தையில் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது கதை. அங்கேதான் கதை ஆரம்பித்தது.

முதலாளியின் மூத்த மகன் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அதில், இரண்டு இடத்திலும் எழுதியாயிற்று என்று உறுதியான பிறகுதான் கவுன்டருக்குப் பதில் வரும். ஒரு பதிவும் தொலையாது. ஆனால் கிளைக்குப் போகிற லைன் சுணங்கினால் கவுன்டரும் சுணங்கும். இளைய மகன் மற்றதைப் பிடித்துக்கொண்டார். அதில் கவுன்டர் பறக்கும். இரண்டாவது சர்வர் ஒரு நிமிஷம் பின்னால் ஓடிவரும். விபத்து என்றால் அந்த ஒரு நிமிஷத்தில் எழுதியது போகும். சர்வர் அக்கா இரண்டையும் நிறுத்து எடைபோட்டு நாற்பது பக்கம் எழுதி, மூத்தவருடையதே நமக்கு நல்லது என்று முடித்திருந்தாள். கூட்டத்தில் அதைப் படித்ததும் இளையவர் முகம் சுண்டிப்போயிற்று.

நிலைமையைச் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு அவள் விளக்கினாள்.

"முதல் சர்வர் விழுந்துட்டா ரெண்டாவது தானாவே பொறுப்பெடுத்துக்கும் சார்."

எழுபத்தொரு வயது முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரே ஒரு சிக்கல்தான். நடுவுல லைன் அறுந்துட்டா ரெண்டுமே 'நான்தான் முதல்'னு கிளம்பிடும். தனித்தனியா எழுத ஆரம்பிச்சிடும். அப்புறம் ஒட்டவே முடியாது. அதுக்குத்தான் யார் முதல்னு தீர்ப்பு சொல்ல மூணாவதா ஒரு சின்ன மெஷின் வைக்கணும்."

மூத்தவர் இளையவரைப் பார்த்தார். இளையவர் கூரையைப் பார்த்தார். முதலாளி இருமினார். அவள் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசினாள், பாவம். ஆனால் அந்த அறையில் இருந்த மூன்று ஆண்களும் வேறு எதையோ கேட்டார்கள்.

"யோசிப்போம்மா" என்றார் முதலாளி.

பதினோரு மாதம் யோசித்தார். மூத்தவன் சொன்னதை வாங்கினால் இளையவன் ஒரு வாரம் வீட்டில் சாப்பிட மாட்டான். இளையவன் சொன்னதை வாங்கினால் மூத்த மருமகள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது போல, இரண்டு கம்பெனி விற்பனைப் பையன்களும் மாறி மாறி வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். சர்வர் அக்கா மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். நேரில் போய் நின்றாள். "எதை வேணும்னாலும் வாங்குங்க சார், வாங்கினாப் போதும்" என்று ஒருநாள் கெஞ்சியேவிட்டாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

முதலாளி யோசிக்க ஆரம்பித்த முதல் மாதத்திலேயே அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. இரண்டு கம்பெனியும் முப்பது நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கச் சோதனைப் பதிப்பு கொடுத்தார்கள். ஒருவருக்கு ஒருமுறைதான். தன் பெயரில் வாங்கி மூத்தவருடையதை ஓட்டினாள். மறு மாதம் இளையவருடையது, தன் பெயரிலேயே. பட்சபாதம் இல்லை. மூன்றாம் மாதம் கணவர் பெயர். பிறகு அண்ணன், அண்ணி, அக்கா வீட்டுக்காரர், சித்தப்பா என்று படிவத்தில் ஆளுக்கு ஒரு பொய்க் கம்பெனி வைத்துக் கொடுத்தாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க உட்கார்ந்தவள் மாதிரி யாரை விட்டோம் என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இரண்டாவது சர்வரைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து நகலெடுக்க வேண்டும். ஒன்பது மணி நேரம் பிடிக்கும். ஆய்வகத்துக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் வந்து தனியாக உட்கார்ந்து செய்வாள். எவரும் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. இது திருட்டுத்தனம் என்று அவளுக்குத் தெரியும். வேறு வழி என்ன இருக்கிறது என்றும் தன்னையே கேட்டுக்கொள்வாள்.

பதினோராம் மாதம் வீட்டில் மிச்சமிருந்தது அத்தைதான், அதாவது அவள் மாமியார். கம்பெனிக்காரன் அதற்குள் படிவத்தை இறுக்கிவிட்டிருந்தான். பத்துக்கு மேல் சர்வர் வைத்திருப்பவர்களுக்குத்தான் முழு வசதியும் உண்டு. ஒரு போன் நம்பருக்கு ஒருமுறைதான் கொடுப்பான். சர்வர் அக்கா, அத்தையின் நம்பரைப் போட்டாள். பதவி என்ற இடத்தில் நிர்வாக இயக்குநர் என்று போட்டாள். சர்வர் எண்ணிக்கை என்ற இடத்தில், கை சும்மா இருக்காமல், நாற்பது என்று போட்டாள்.

நாற்பது சர்வர் வைத்திருக்கிற அம்மாளை எந்த விற்பனைக்காரன் விடுவான்? ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"யாரோ ஒரு தம்பி போன் பண்ணுச்சும்மா. எவ்வளவு மரியாதை. மேடம் மேடம்னு அரை மணி நேரம் பேசுச்சு."

"என்ன கேட்டாங்க அத்தே?"

"உங்ககிட்ட நாப்பது சர்வர் இருக்காமேன்னு கேட்டுச்சு. நம்ம வீட்டுல ஏதுப்பா, ஒரு ஃப்ரிட்ஜ்தான் இருக்கு, அதுவும் தண்ணி ஒழுகுதுன்னேன். எல்லாம் என் மருமகதான் பாத்துக்குறா, லேப்ல வேலைன்னு லேப் பேரச் சொன்னேன். உன் பேரு, உன் புருசன் பேரு, உங்க அண்ணன் பேரு எல்லாம் கேட்டுச்சு. நல்ல பையன். கல்யாணம் ஆகலையாம்."

அவள் கைப்பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். அத்தையைத் திட்ட என்ன இருக்கிறது? அந்த வீட்டில் உண்மை பேசிய ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் புதன்கிழமை காலை எட்டு பத்துக்கு மின்னஞ்சல் வந்தது. ஆய்வகத்தின் இணைய முகவரியிலிருந்து பெற்ற சோதனைப் பதிப்புகள் அனைத்தும் ரத்து. இரண்டாவது சர்வர் அந்த நிமிஷத்தோடு வாயை மூடிக்கொண்டது.

இந்த நேரத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் சர்வரில் ஒன்றுக்கொன்று ஜோடியாக ஓடும் இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. அதில் ஒன்று போன வாரமே செத்துவிட்டது. புதியது வந்து சேரவில்லை. பத்து வருஷம் உழைத்த ஒற்றை டிஸ்க்கில் ஆய்வகம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பின்னால் தாங்கவும் ஆளில்லை. கீழே கவுன்டரில் கூட்டம் வாசற்படி வரை நின்றது. இரவு எட்டு மணிக்குக் கவுன்டர் மூடும்வரை பேசாமல் இருந்திருக்கலாம். பன்னிரண்டு மணி நேரம். பதறாத காரியம் சிதறாது என்று அவளுக்கு மட்டும் தெரியாதா? ஆனால் பதினோரு மாதப் பயம் அவளைப் பொறுக்க விடவில்லை. மற்ற கம்பெனியின் சோதனைப் பதிப்பை அத்தையின் பெயரிலேயே வாங்கினாள். இந்தத் தடவை சர்வர் எண்ணிக்கை பன்னிரண்டு. எட்டு இருபத்தைந்துக்கு இரண்டாவது சர்வரைத் தன் கையாலேயே துடைத்தாள். நகலை ஆரம்பித்தாள்.

பதினொன்று இருபதுக்கு முப்பத்தொரு சதவீதத்தில் நகல் நின்றது.

முதலில் லைன் என்று நினைத்தாள். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. பூட்டிய கதவை யாரோ விரல் நகத்தால் தட்டுவது போல டிக், டிக் என்று. டிஸ்க்கின் உயிர் போகிற சத்தம் அது. ஒரு பக்கம் கவுன்டர் கேட்க, இன்னொரு பக்கம் நகலுக்காகப் பதினாறு வருஷப் பழசையெல்லாம் படித்துக் கொடுக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? அவள் கொடுத்த பாரத்தில்தான் அது விழுந்தது. அதைக் காப்பாற்றத்தான் கொடுத்தாள் என்பது டிஸ்க்குக்குத் தெரியாது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கீழேயிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது.

பத்து நிமிஷத்தில் முதலாளியும் இரண்டு மகன்களும் அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றார்கள். முதலாளிக்கு வியர்த்திருந்தது. இரண்டு மகன்களும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ரெண்டையுமே வாங்கிடுங்க" என்றார்.

பதினோரு மாதம் ஆகாத காரியம் இரண்டு சொல்லில் முடிந்தது. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரவு நகலிலிருந்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் மீட்டுவிட்டாள். புதன்கிழமை காலை ஏழு மணி முதல் பதினொன்று இருபது வரை வந்த முந்நூற்றுச் சொச்சம் ரத்தக் குழாய்கள் அநாதையாக நின்றன. அந்த ஆட்கள் ரிசல்ட் வாங்க வந்தபோது கவுன்டர்காரர்கள் கையைக் காலைப் பிடித்து மறுபடி குத்தி ரத்தம் எடுத்தார்கள். சதைக் குப்பிகள் மொத்தம் பதினொன்று. சர்வர் அக்கா ஒவ்வொரு மருத்துவமனையாகக் கூப்பிட்டு, என்ன உறுப்பு, எத்தனை துண்டு, எந்த நேரம் அனுப்பினீர்கள் என்று பிச்சைக்காரி மாதிரி கேட்டாள். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒன்பது குப்பிக்குப் பெயர் கிடைத்தது. இரண்டு மிஞ்சின.

ஒரே மருத்துவமனை, ஒரே அறுவை டாக்டர், ஒரே காலை. இரண்டும் மார்பிலிருந்து எடுத்த கட்டி. இரண்டும் இடது பக்கம். கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒருத்திக்கு ஐம்பத்தெட்டு வயது, இன்னொருத்திக்கு முப்பத்துமூன்று. எந்தக் குப்பி யாருடையது என்பதை அந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆய்வகத்தில் சதையைப் பார்த்துச் சொல்லும் நுண்ணோக்கி டாக்டர், முதலாளியையும் மகன்களையும் சர்வர் அக்காவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனுஷி. இரண்டு கண்ணாடித் தகடுகளை மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணு சுத்தம். வெறும் கொழுப்புக் கட்டி. இன்னொண்ணு புற்று."



"வயச வச்சுப் பாத்தா..." என்று ஆரம்பித்தார் மூத்தவர்.

"வயச வச்சு ஊகிக்கலாம். ஊகத்த ரிப்போர்ட்ல எழுத முடியாது."

"சாம்பிள் பத்தலன்னு சொல்லி மறுபடி எடுக்கச் சொல்லலாமே?" இது இளையவர்.

"கட்டிய முழுசா எடுத்தாச்சு. மறுபடி எடுக்க அங்க என்ன இருக்கு?" என்றார் டாக்டர். "ரெண்டு பேர்கிட்டயும் ரத்தம் வாங்கி மரபணு பொருத்திப் பாக்கணும். வெளிய அனுப்பணும். மூணு வாரம் ஆகும்."

மூத்தவர் முகம் தெளிந்தது. கூடுதலாக ஒரு டெஸ்ட் என்று சொல்லி ரத்தம் வாங்கிக்கொள்ளலாம், நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை என்றார். அதுதான் சரி என்றார் இளையவர். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அண்ணனும் தம்பியும் ஒன்று சேர்ந்தார்கள். முதலாளி தலையாட்டினார்.

"நான் சொல்லிடுறேன் சார்" என்றாள் சர்வர் அக்கா.

"என்னன்னு?"

"நடந்தத."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நீ போய்ச் சொன்னா எல்லாம் உன் தலையிலதாம்மா விடியும்."

"நான்தானே சார் துடைச்சேன்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு மூன்று நாள் ஆயிற்று. சொன்ன பிறகு அத்தையின் நாற்பது சர்வர், சித்தப்பாவின் கம்பெனி, ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் தானாக வெளியே வந்தன. இளையவர் கோபத்தில் எழுந்து போனார். மூத்தவர் வக்கீலுக்குப் போன் செய்யப் போனார். முதலாளி மட்டும் உட்கார்ந்திருந்தார். "நான் உன்னைப் பதினோரு மாசம் நிக்க வச்சுட்டேன்ல" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு அவள் வேலை என்ன ஆகும் என்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ரத்தம் எடுக்கிற கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் இரண்டு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். தனித்தனியாகச் சொல்லலாம் என்றுதான் நுண்ணோக்கி டாக்டர் சொன்னார். ஆனால் தனித்தனியாகச் சொன்னால் இன்னொருத்தி யார் என்று இரண்டு பேரும் மூன்று வாரம் தேடிக்கொண்டே இருப்பார்கள் என்று சர்வர் அக்காவுக்குத் தோன்றியது. சேர்ந்து உட்காரச் சம்மதமா என்று முதல்நாளே போனில் கேட்டிருந்தாள். பெரியவள் பருத்திப் புடவையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பள்ளியில் சமையல் பொறுப்பு. சின்னவள் அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். செல்போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

சர்வர் அக்கா சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. சர்வர், நகல் என்றெல்லாம் சொல்லாமல், உங்கள் பெயர்கள் இருந்த இடத்தை நான் அழித்துவிட்டேன் என்று சொன்னாள். இரண்டு குப்பியில் ஒன்று நல்லது, ஒன்று நல்லதில்லை, எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது என்று சொன்னாள். நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி சொன்னாள்.

சின்னவள்தான் முதலில் கேட்டாள்.

"அப்ப எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருக்கு."

"ஆமா."

"யாருக்குன்னு மூணு வாரம் கழிச்சுத்தான் தெரியும்."

"ஆமாம்மா."

சின்னவள் தன்னையறியாமல் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்படிப் பார்த்ததற்கு வெட்கப்பட்டவள் போல முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் அந்த நொடியில் எதை வேண்டிக்கொண்டாள் என்பது அந்த அறையிலிருந்த மூன்று பேருக்குமே தெரிந்தது. திட்டுவார்கள், கத்துவார்கள், நாற்காலியைத் தூக்கி அடிப்பார்கள் என்றுதான் சர்வர் அக்கா தயாராகி வந்திருந்தாள். இதற்கு அவள் தயாராகவில்லை.

பெரியவள் கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சின்னவள் முதுகில் கை வைத்தாள்.

"பிள்ளைங்க இருக்காம்மா உனக்கு?"

சின்னவள் முகத்தை மூடியபடியே தலையாட்டினாள். "ரெண்டு. கடைசிக்கு மூணு வயசு."

பெரியவள், சின்னவளின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு சர்வர் அக்காவிடம் திரும்பி, கடைக்காரரிடம் சில்லறை மாற்றிக் கேட்பது போல, மெதுவாகக் கேட்டாள்.

"எப்படியும் உங்களுக்குத் தெரியலல்ல. அந்த நல்லதில்லாததுல என் பேரப் போட்டுடேன்மா."

"முடியாதும்மா" என்றாள் சர்வர் அக்கா. பெரியவள் சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு, ரத்தம் கொடுக்க ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு இடது கையை நீட்டினாள்.